வண்ண மீன் தொட்டி: தீனியை அளந்தால் தண்ணீர் கெடாது

நாளைக் காலை வியாபாரி மீன் எடுக்க வருகிறார் என்றால், இன்று மாலை வழக்கத்தைவிட இரு மடங்கு தீனி போடுவது வண்ண மீன் வளர்ப்போர் பலரிடம் காணப்படும் பழக்கம். வயிறு நிறைந்த மீன் கொழுகொழுவென்று தெரியும், நல்ல விலை கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் விடியற்காலையில் தொட்டியருகே சென்று பார்த்தால் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. சில மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதக்கின்றன. நான்கு மாத உழைப்பு ஒரே இரவில் வீணாகிறது. நோய் வந்துவிட்டது என்று மருந்து தேடி ஓடுகிறார்கள். உண்மையில் வந்தது நோயன்று. மிஞ்சிய தீனிதான் தண்ணீரைக் கெடுத்து மீனைக் கொன்றது.

சென்னை கொளத்தூர்ப் பகுதியில் வீட்டுப் புறக்கடையிலும் சிறு சிமெண்டுத் தொட்டிகளிலும் வண்ண மீன் வளர்ப்பது நெடுங்காலமாக நடந்து வருகிறது. இன்று பல மாவட்டங்களில் சிறு விவசாயிகளும் மகளிர் குழுவினரும் இதை உபதொழிலாகச் செய்கின்றனர். கிணறு அல்லது ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர், நிழலான ஓர் இடம், காலையும் மாலையும் அரை மணி நேர வேலை ஆகியவை இருந்தால் போதும். குட்டி போடும் இனங்களான கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றவை. நம் ஊர்க் கிணறுகளின் சற்றுக் கடினமான தண்ணீர் இவற்றுக்கு நன்கு ஒத்துக்கொள்ளும். இருந்தும் பலர் முதல் ஆண்டிலேயே கைவிடுவதற்குக் காரணம், தீனிக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பை அறியாமையே.

தீனி எங்கே போகிறது?

மாட்டுக்குத் தீவனம் மிஞ்சினால் தொட்டியில் கிடக்கும். மறுநாள் அள்ளி எரு குழியில் போடலாம். சாணமும் மூத்திரமும் கொட்டிலுக்கு வெளியே போய்விடும். மீன் அப்படியன்று. அது உண்பதும், கழிப்பதும், மூச்சு விடுவதும் ஒரே தண்ணீரில்தான். தொட்டியில் போடும் ஒவ்வொரு பிடித் தீனியும் மீனின் உடலில் சேர வேண்டும். இல்லையேல் தண்ணீரில் சேரும். மூன்றாவது வழி கிடையாது.

தீனியில் உள்ள புரதத்தில் ஒரு பகுதியே மீனின் சதையாகிறது. மீதியை மீன் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மாட்டுத் தொழுவத்தில் மூத்திரம் தேங்கிய இடத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கிறதே, அதே அம்மோனியாதான். மீன் உண்ணாமல் அடியில் தங்கிய தீனி அழுகும்போது அதிலுள்ள புரதம் முழுவதுமே நாளடைவில் அம்மோனியாவாக மாறுகிறது. அழுகுவதற்குத் தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவும் செலவாகிறது. ஆக, மிஞ்சிய தீனி மீனுக்கு இரண்டு விதத்தில் கேடு செய்கிறது: விஷத்தைக் கூட்டுகிறது, மூச்சைக் குறைக்கிறது.

ஒரு கணக்கு

3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் உள்ள தொட்டியில் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் 3000 லிட்டர் ஆகும். அதில் சராசரி 1½ கிராம் எடையுள்ள மோலி மீன்கள் 1000 இருப்பதாகக் கொள்வோம். மொத்த மீன் எடை 1½ கிலோ. வளர்ந்த மீன்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 2 முதல் 3 சதம் தீனி போதும். 3 சதம் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 45 கிராம். தீனியில் 32 சதம் புரதம் இருந்தால், இதை முழுவதும் உண்ட மீன்கள் ஏறத்தாழ 1.3 கிராம் அம்மோனியா நைட்ரஜனை வெளியேற்றும்.

இதே தொட்டியில் கை அளவாக 90 கிராம் போடப்படுகிறது என்று கொள்வோம். மீன்கள் 45 கிராம் உண்கின்றன. மீதி 45 கிராம் அடியில் தங்குகிறது. உண்டதிலிருந்து 1.3 கிராம், அழுகுவதிலிருந்து நாளடைவில் 2.3 கிராம், ஆக மொத்தம் 3.6 கிராம். அதாவது தீனியை இரு மடங்காக்கினால் அம்மோனியா இரு மடங்காவதில்லை. ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு தொட்டிக்கு 1.35 கிலோ தீனி வீண். பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு 13½ கிலோ தீனி வீண். காசு கொடுத்து வாங்கிய தீனியே விஷமாக மாறுகிறது.

தண்ணீர் மாற்றாமலும் வடிகட்டி இல்லாமலும் 5 நாள் விட்டால், அளந்து போட்ட தொட்டியில் லிட்டருக்கு 2.2 மில்லிகிராம் அம்மோனியா சேரும். அள்ளிப் போட்ட தொட்டியில் 6 மில்லிகிராம் வரை சேரக்கூடும்.

கார நிலை கூடினால் விஷம் கூடும்

தண்ணீரிலுள்ள அம்மோனியா முழுவதும் ஒரே அளவில் விஷமன்று. அது இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று மீனை அதிகம் பாதிக்காதது. மற்றொன்று செவுளை அரித்து உயிரை வாங்கும் கொடிய வடிவம். இவற்றின் விகிதத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது பி.எச். எனப்படும் கார அமில நிலை. தண்ணீரின் வெப்பம் 28 டிகிரி செல்சியசாக இருக்கும்போது, பி.எச். 7 ஆனால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே கொடிய வடிவில் இருக்கும். 8 ஆனால் நூற்றில் 6 அல்லது 7 பங்கு. 9 ஆகிவிட்டாலோ நூற்றில் 40 பங்கு.

கொடிய வடிவம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே செவுள் புண்ணாகத் தொடங்கும். 2 மில்லிகிராம் ஆனால் மீன் சாகும். மேலே சொன்ன 6 மில்லிகிராம் தொட்டியில் பி.எச். 9 ஆக இருந்தால் கொடிய அம்மோனியா 2.4 மில்லிகிராம். ஒரு மீனும் மிஞ்சாது. அளந்து தீனி போட்ட தொட்டியும்கூட, 5 நாள் தண்ணீர் மாற்றாமல் விட்டால், பி.எச். 8 இலேயே பாதுகாப்பான எல்லையைத் தாண்டிவிடும். எனவே தீனியை அளப்பதும் தண்ணீரை மாற்றுவதும் இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டியில் மீன் விட்டவுடன் சாவதற்கும் இதுவே முக்கியக் காரணம். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கித் தண்ணீரின் காரம் ஏறிவிடும். தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு 3, 4 நாள் ஊறவிட்டு வடித்துவிட வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று வாரங்களில் பலமுறை செய்து தேய்த்துக் கழுவிய பிறகே மீன் விட வேண்டும். மருந்துக் கடைகளிலும் ஆய்வுக்கூடப் பொருள் கடைகளிலும் கிடைக்கும் பி.எச். தாளைத் தண்ணீரில் நனைத்து நிறம் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். 7 முதல் 8 வரை இருப்பது நலம்.

வெயில் நேரடியாக விழும் தொட்டிகளில் தண்ணீர் கரும்பச்சையாக மாறுவதுண்டு. இலேசான பச்சை நல்லது. அதிலுள்ள பாசி அம்மோனியாவை உண்டு வளரும். பச்சை மிகுந்துவிட்டால் நண்பகலுக்குப் பின் காரம் 9க்கு மேல் ஏறும். இரவிலோ அதே பாசி பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். முழங்கை மூழ்கும்வரை கையை விட்டு உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். உள்ளங்கை தெரியாவிட்டால் பச்சை மிகுதி. தொட்டியின் பாதிக்குமேல் தென்னங்கீற்று அல்லது பச்சை நிழல்வலை போட்டால் இது கட்டுப்படும்.

தீனியை அளப்பது எப்படி?

முதலில் மீனின் எடை தெரிய வேண்டும். ஒரு வாளியில் பாதி தண்ணீர் எடுத்து எடை போட வேண்டும். பிறகு தொட்டியின் பல இடங்களிலிருந்தும் வலையால் 50 மீன்களைப் பிடித்து, வலையிலுள்ள தண்ணீரை வடித்துவிட்டு வாளியில் விட்டு மறுபடி எடை போட வேண்டும். கூடிய எடையை 50 ஆல் வகுத்தால் ஒரு மீனின் சராசரி எடை கிடைக்கும். வாளி எடை 75 கிராம் கூடியிருந்தால் மீன் ஒன்று 1½ கிராம். தொட்டியிலுள்ள மீன் எண்ணிக்கையால் இதைப் பெருக்கினால் மொத்த எடை தெரியும். இதற்கு கிராம் காட்டும் சிறு தராசு போதும். 15 நாளுக்கு ஒரு முறை இவ்வாறு செய்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருவது நல்லது.

வளர்ந்த மீன்களுக்கு 2 முதல் 3 சதத்தை இரண்டு வேளையாகப் பிரித்துக் காலை 8 மணிக்கு மேலும் மாலை 4 மணிக்கு மேலும் போட வேண்டும். குஞ்சுகளுக்கு உடல் எடையில் 8 முதல் 10 சதம் வரை தேவை. ஆனால் அதை 3 அல்லது 4 வேளையாகச் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். விடியற்காலையில் தீனி போடக்கூடாது. அந்த நேரத்தில்தான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. இருட்டிய பின் போடுவதும் தவறு. உண்ணாத தீனி இரவு முழுவதும் அழுகும்.

எல்லாத் தீனியையும் தண்ணீர் முழுதும் தூவிவிடாமல், ஒரு பகுதியைத் தீனித் தட்டில் வைப்பது சிறந்த முறை. விளிம்புள்ள பழைய வெள்ளைத் தட்டின் மூன்று பக்கமும் கயிறு கட்டித் தராசுத் தட்டைப்போல் தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் தொங்கவிடலாம். 15 நிமிடம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தட்டு துடைத்தாற்போல் இருந்தால் அளவு சரி. தீனி மிச்சம் இருந்தால் அதை எடுத்து வெளியே கொட்டிவிட்டு, அடுத்த வேளை கால் பங்கு குறைத்துப் போட வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் 5 நிமிடத்திலேயே தட்டு காலியாகிவிட்டால் மட்டுமே சிறிது கூட்டலாம். மீன்கள் ஆள் நிழலைக் கண்டவுடன் ஓடி வருவதைப் பசி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பழக்கத்தால் அவை எப்போதும் ஓடி வரும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களிலும் வெயிலே இல்லாத மூட்ட நாட்களிலும் தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மார்கழிக் குளிரில் மீனின் சீரணம் மந்தமாகும். அப்போதும் அளவைக் குறைப்பதே முறை. மீன் நோயுற்றிருந்தாலோ புதிதாக விடப்பட்டிருந்தாலோ முதல் நாள் தீனியே வேண்டாம். நன்கு வளர்ந்த மீன் ஒரு நாள் பட்டினியால் சாகாது. ஒரு நாள் மிகுதியால் சாகும். வாரத்தில் ஒரு நாள் வளர்ந்த மீன்களுக்குத் தீனி நிறுத்துவது தண்ணீருக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது.

வீட்டிலேயே தீனி தயாரித்தல்

கடலைப் புண்ணாக்கு 35 பங்கு, எண்ணெய் எடுத்த தவிடு 30 பங்கு, உப்பில்லாத மீன் தூள் 25 பங்கு, மரவள்ளிக் கிழங்கு மாவு 8 பங்கு, வைட்டமின் மற்றும் தாது உப்புக் கலவை 2 பங்கு என்ற அளவில் தீனி தயாரிக்கலாம். இதில் ஏறத்தாழ 32 சதம் புரதம் கிடைக்கும். வைட்டமின் கலவை நீங்கலாக மற்றவற்றை மாவாக அரைத்துச் சலித்துத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவுபோல் பிசைய வேண்டும். இட்லிப் பானையில் 20 நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறிய பிறகு வைட்டமின் கலவையைச் சேர்த்து மறுபடி பிசைய வேண்டும். சூடாக இருக்கும்போது சேர்த்தால் வைட்டமின் அழிந்துவிடும். பின்னர் இடியாப்ப அச்சில் பிழிந்து நிழலில் நன்கு உலர்த்தி, மீனின் வாய்க்கு ஏற்றபடி நொறுக்கிக்கொள்ள வேண்டும்.

இங்கு மரவள்ளி மாவு வெறும் நிரப்புப் பொருளன்று. வெந்த மாவு பசையாகித் தீனியைக் கட்டிப்பிடிக்கிறது. கட்டு இல்லாத தீனி தண்ணீரில் விழுந்ததும் கரைந்துவிடும். மீன் உண்ணுவதற்குமுன் சத்து தண்ணீரோடு போய்விடும். உலர்ந்த தீனியில் சில துண்டுகளை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு 15 நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். துண்டு உருக்குலையாமலும் தண்ணீர் கலங்காமலும் இருந்தால் தீனி நல்லது. கலங்கினால் மாவைச் சற்றுக் கூட்டி இன்னும் நன்றாக வேகவைக்க வேண்டும். வெறும் தவிட்டையும் புண்ணாக்கையும் அப்படியே தொட்டியில் தூவுவதைக் கைவிட வேண்டும்.

பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு இருக்கும். அது வேகவைத்தாலும் போகாது. மீனின் கல்லீரலைக் கெடுக்கும். எனவே புதிய புண்ணாக்கையே வாங்க வேண்டும். தயாரித்த தீனியை மூடியுள்ள டப்பாவில் ஈரம் படாமல் வைத்து இரண்டு மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

முதல் வாரக் குஞ்சுகளுக்கு அவித்த முட்டை மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டிக் கொடுப்பது வழக்கம். இது நல்ல உணவுதான். ஆனால் தண்ணீரை இவ்வளவு விரைவாகக் கெடுக்கும் உணவு வேறில்லை. சிறு தொட்டிக்கு ஒரு வேளைக்கு மிளகளவு கருவே மிகுதி. அரை மணி நேரம் கழித்து அடியில் படிந்ததை மெல்லிய குழாயால் எடுத்துவிட வேண்டும்.

உயிர் உணவு

மொய்னா என்னும் நீர்த்தெள்ளு, குஞ்சுகளுக்கும் நிறம் ஏற வேண்டிய மீன்களுக்கும் மிகச் சிறந்தது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. உண்ணப்படாத மொய்னா உடனே அழுகாது. மீன் தேடிப் பிடிக்கும்வரை தண்ணீரில் நீந்திக்கொண்டே இருக்கும். 100 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கடலைப் புண்ணாக்கை இரவு ஊறவைத்து, துணியில் வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அத்துடன் ஒரு குவளை பச்சைத் தண்ணீரையும் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் சற்று மங்கலாகும்போது மொய்னா விதையை விட்டால் ஒரு வாரத்தில் பெருகிவிடும். தினமும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நெருக்கமான துணியால் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்கலாம். நான்கு நாளுக்கு ஒரு முறை புண்ணாக்கு ஊறலை முதல் அளவில் பாதி ஊற்றி வர வேண்டும். இந்தத் தொட்டியைக் கொசுவலையால் கட்டாயம் மூடி வைக்க வேண்டும். டெங்கு பரவும் காலத்தில் திறந்த தொட்டி வீட்டாருக்கே ஆபத்து.

சாக்கடை ஓரச் சேற்றில் கொத்துக் கொத்தாக வாழும் டியூபிஃபெக்ஸ் என்னும் சிவப்புப் புழுவை மீன்கள் விரும்பி உண்ணும். ஆனால் சாக்கடையின் கிருமிகளும் அதனுடன் வந்து சேரும். கொடுத்தே ஆகவேண்டுமானால் ஒரு நாள் முழுவதும் ஓடும் தண்ணீரில் வைத்து, செத்த புழுக்களை நீக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். செத்த புழு அடியில் தங்கினால் மிஞ்சிய தீனியைவிட விரைவில் நாறும்.

தண்ணீரைக் காக்கும் கண்ணுக்குத் தெரியாத கூலியாட்கள்

தொட்டிச் சுவரிலும் ஜல்லியிலும் வழவழப்பாகப் படியும் படலத்தில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் மீனுக்குக் கெடுதலே. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவாகத் தீங்கு செய்யாது. செடிகளுக்கு உரமாகவும் ஆகும். இந்தப் பாக்டீரியா பெருகி முழு வேலை செய்ய நம் வெப்பத்தில் 3 முதல் 6 வாரம் பிடிக்கும். அதனால்தான் புதுத் தொட்டியில் முதல் மாதமே ஆபத்தான மாதம். அந்த மாதத்தில் மீனும் பாதி, தீனியும் பாதி என்று இருக்க வேண்டும். நன்கு பழகிய தொட்டியிலிருந்து ஒரு கூடை ஜல்லியையோ பஞ்சையோ எடுத்துப் புதுத் தொட்டியில் வைத்தால் விரைவில் பழகிவிடும். தயிருக்கு உறை ஊற்றுவதைப் போன்றதே இது.

வடிகட்டி விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஓட்டையிட்ட பிளாஸ்டிக் வாளியில் கழுவிய கருங்கல் ஜல்லியை நிரப்பித் தொட்டிக்குள் வைக்க வேண்டும். நடுவில் ஒரு குழாயை நிறுத்தி, காற்றுக் குழாயை அதன் அடிவரை விட்டால் காற்றுக் குமிழிகள் தண்ணீரை மேலே தூக்கும். அந்த இழுப்பில் தொட்டித் தண்ணீர் ஜல்லி வழியாகச் சுற்றி வரும். அழுக்கு அடைத்தால் ஜல்லியைத் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். சோப்பு, பிளீச்சிங் பவுடர், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகியவற்றில் கழுவினால் பாக்டீரியா செத்துவிடும். மறுபடி ஒரு மாதம் காத்திருக்க நேரிடும். மின்சாரம் நெடுநேரம் நின்றால் அன்று தீனியை நிறுத்திவிட வேண்டும். காற்று இல்லாத நேரத்தில் மீனும் பாக்டீரியாவும் ஒரே பிராணவாயுவுக்குப் போட்டியிடும்.

அடியில் சேரும் கழிவை உண்டு தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பிப் பலர் சக்கர் மீனை வாங்கி விடுகின்றனர். சுவரிலுள்ள பாசியை அது சுரண்டுவது உண்மை. ஆனால் மற்ற மீனின் கழிவை அது உண்பதில்லை. தானும் உண்டு, தானும் கழித்து, அம்மோனியாவைக் கூட்டவே செய்கிறது. பெரிதானபின் வேண்டாமென்று ஏரியிலும் ஆற்றிலும் விடப்பட்ட இம்மீன், தமிழகத்தின் பல நீர்நிலைகளில் பெருகி உள்நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டது. எந்த வண்ண மீனையும் ஏரி, குளம், வாய்க்காலில் விடக்கூடாது.

தண்ணீர் மாற்றும் முறை

கழிவு அடியில்தான் தங்குகிறது. ஆகவே மேல் தண்ணீரை மொண்டு கொட்டுவதில் பயன் குறைவு. ஒரு ரப்பர் குழாயின் முனையில் கொசுவலைத் துணி கட்டி, சைபன் முறையில் அடித் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். குஞ்சுகள் குழாயில் போய்விடாமல் துணி தடுக்கும். மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் தினமும் பத்தில் ஒரு பங்கும், நெருக்கம் குறைந்த தொட்டியில் வாரம் ஒரு முறை நான்கில் ஒரு பங்கும் மாற்றுவது போதுமானது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு நாள் வேறு தொட்டியில் நிறுத்தி வைத்து விட வேண்டும். புதிதாக இறைத்த தண்ணீரில் பிராணவாயு குறைவு. குளோரின் கலந்த தண்ணீரையும் ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்தே பயன்படுத்த வேண்டும்.

வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக்கூடாது. மேற்சொன்ன 3000 லிட்டர் தொட்டியில் தினமும் பத்தில் ஒரு பங்கு என்றால் 300 லிட்டர். மூன்று தென்னைக்கோ ஒரு சிறு காய்கறிப் பாத்திக்கோ இது போதும். தழைச்சத்தும் சேர்ந்து கிடைக்கிறது. ஆனால் உப்போ மருந்தோ போட்ட தொட்டியின் தண்ணீரைப் பயிருக்கு விடக்கூடாது.

மீன் தத்தளிக்கும்போது

மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால், செவுள் விரைந்து அசைந்தால், உடலைச் சுருக்கிக்கொண்டு மூலையில் நின்றால் முதல் வேலை தீனியை நிறுத்துவது. இரண்டாவது, காற்றுக் குழாயைக் கூட்டுவது. மின்சாரம் இல்லாவிட்டால் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவது. மூன்றாவது, அடித் தண்ணீரில் நான்கில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதே வெப்பமுள்ள தண்ணீரை மெல்ல விடுவது. பதற்றத்தில் முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே மீன் செத்துவிடும். தேவையானால் மறுநாள் மறுபடி நான்கில் ஒரு பங்கு மாற்றலாம். நைட்ரைட் மிகுந்தால் மீனின் ரத்தம் பழுப்பாகி மூச்சுத் திணறும். 1000 லிட்டருக்கு 1 கிலோ கல்லுப்பைக் கரைத்து விட்டால் அதன் கொடுமை குறையும். இரண்டு நாளாவது தீனி வேண்டாம். காரணம் தெரியாமல் மருந்து ஊற்றினால் நல்ல பாக்டீரியாவும் சாகும், தொல்லை இரட்டிப்பாகும்.

விற்பனைக்கு முன்

மீனை எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே தீனியை முழுவதும் நிறுத்திவிட வேண்டும். பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பையில் மீனுக்குக் கிடைப்பது சில லிட்டர் தண்ணீர் மட்டுமே. வயிறு நிறைந்த மீன் அந்தத் தண்ணீரிலேயே கழித்து, வழியிலேயே சாகும். வயிறு காலியான மீன் தெளிந்த தண்ணீரில் ஊர் போய்ச் சேரும். வழியில் சாகாத மீன் கொடுப்பவரிடமே வியாபாரி மறுமுறையும் வருவார். ஆகவே வியாபாரி வரும் முன் மாலை அள்ளிப் போடும் அந்தக் கை, உண்மையில் தன் விலையைத் தானே குறைத்துக்கொள்கிறது.

ஒரு நாளின் வேலையைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவே: விடிந்ததும் மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தல், அடித் தண்ணீர் எடுத்தல், 8 மணிக்கு மேல் எடை போட்ட தீனியில் பாதி, 15 நிமிடத்தில் தட்டைத் தூக்கிப் பார்த்தல், மாலையில் மறு பாதி, போட்ட தீனி, செத்த மீன், மாற்றிய தண்ணீர் ஆகியவற்றை நோட்டில் எழுதுதல். ஒரு மாதம் இவ்வாறு எழுதி வந்தால் தம் தொட்டிக்கு எவ்வளவு தீனி சரி என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். மேலும் விவரம் வேண்டுவோர் தம் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். புதிதாகத் தொடங்குவோர் ஒரே ஒரு தொட்டியில் தொடங்கி, அதன் தண்ணீரை மூன்று மாதம் கெடாமல் காத்த பிறகு இரண்டாவது தொட்டி கட்டுவது நல்லது.